பிந்தலாம், முந்தக் கூடாது: தடுப்பூசியின் நாள் கணக்கு

தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்ததும் போட்டாயிற்றா, இல்லையா என்றுதான் பார்க்கிறோம். எந்தத் தேதியில் போட்டது, முந்தைய தவணைக்கும் இதற்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் ஊசி உடம்பில் பிடித்ததா என்பதைப் பல நேரம் முடிவு செய்வது அந்தத் தேதிதான். மருந்து நல்லதாக இருந்து, குத்திய இடமும் சரியாக இருந்து, நாள் மட்டும் முந்திவிட்டால் அந்தத் தவணை கணக்கில் சேராமல் போகலாம்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. பிறந்த பிறகும் சில மாதங்கள் அவை குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட, உயிருள்ள வைரஸ். அது உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டு பாடம் கற்கும். தாயின் எதிர்ப்பொருள் மிச்சமிருக்கும்போதே ஊசி போட்டால், வைரஸ் பெருகுவதற்கு முன்பே அது அடக்கப்பட்டுவிடும். ஊசி போட்டதுதான் மிச்சம்.

அதனால்தான் தட்டம்மை அதிகம் பரவும் நாடுகளில் 9 மாதத்திலும், அரிதாகிவிட்ட நாடுகளில் 12 மாதத்திலும் முதல் தவணையை வைக்கிறார்கள். 9 மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் அது 93 முதல் 95 சதவீதம் வரை ஏறுகிறது. நோய் பரவிக்கொண்டிருக்கும் இடத்தில் 12 மாதம் வரை குழந்தையைப் பாதுகாப்பில்லாமல் விடுவது ஆபத்து என்பதால், பலன் சற்றுக் குறைந்தாலும் 9 மாதம் என்று முடிவு செய்கிறார்கள். ஊரெல்லாம் தட்டம்மை பரவும்போது 6 மாதக் குழந்தைக்கும் ஒரு ஊசி போடுவதுண்டு. அதைப் ‘பூஜ்யத் தவணை’ என்பார்கள். அது அந்த நேரத்துக்கான காப்பு மட்டுமே. வழக்கமான இரண்டு தவணைகளையும் பிறகு போட்டே ஆக வேண்டும். அட்டையில் இரண்டு கையெழுத்து இருக்கிறதே என்று இரண்டாவதை விட்டுவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியின் இரண்டாம் தவணையைப் பலரும் ‘பூஸ்டர்’ என்கிறார்கள். அந்தப் பெயரே அதை விட்டுவிடத் தூண்டுகிறது, ஏதோ கூடுதல் சத்து மருந்து மாதிரி. முதல் ஊசி பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அது நெடுங்காலம் நிற்கும். பிடிக்காமல் போன சிலருக்கான மறுவாய்ப்புதான் இரண்டாவது. யாருக்குப் பிடிக்கவில்லை என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் எல்லோருக்கும் போடுகிறோம். இரண்டும் போட்டால் தட்டம்மைக்கு எதிரான காப்பு 97 சதவீதத்தைத் தொடுகிறது.

உயிரற்ற தடுப்பூசிகளில் கணக்கு வேறு. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான ஊசியைப் பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் போடுகிறோம். முதல் இரண்டும் பாடம் நடத்துகின்றன. அந்தப் பாடத்தைக் கற்ற நினைவு அணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்குள் தேர்வாகி, கூர்மையாகி முதிரச் சில மாதங்கள் வேண்டும். முதிர்ந்த பிறகு வரும் மூன்றாவது ஊசிதான் எதிர்ப்பொருளின் அளவைப் பல மடங்கு உயர்த்துகிறது. மூன்றாவது தவணை இரண்டாவதிலிருந்து குறைந்தது 8 வாரமும், முதலாவதிலிருந்து குறைந்தது 16 வாரமும் தள்ளியிருக்க வேண்டும். ‘அடுத்த மாதம் வெளிநாடு போகிறேன், சீக்கிரம் முடித்துவிடுங்கள்’ என்று கேட்டு வழக்கமான ஊசியையே நெருக்கிப் போட்டுக்கொண்டால், மூன்று ஊசியின் வலியும் இரண்டு ஊசியின் பலனும்தான் மிஞ்சும்.

பிந்திப்போனால்? இங்கே நல்ல செய்தி இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ எல்லாத் தடுப்பூசிகளிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஹெபடைடிஸ் பி இரண்டு போட்டு ஐந்து வருடம் மறந்துபோயிருந்தாலும் மூன்றாவதைப் போட்டால் போதும். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நினைவு அணுக்கள் காத்திருக்கும். ‘இடைவெளி அதிகமாகிவிட்டது, மறுபடி ஒன்றாவது தவணை’ என்று யாராவது சொன்னால், எந்த வழிகாட்டுதலின்படி என்று தயங்காமல் கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் காப்பு அரைகுறையாக இருக்கும் என்பதுதான் பிந்துவதில் உள்ள உண்மையான நட்டம்.

சில தேதிகள் மட்டும் காத்திருக்காது. ஹெபடைடிஸ் பி பிறப்புத் தவணை அதில் முதன்மையானது. தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் தொற்று வாங்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு அது ஆயுள் முழுக்க ஈரலில் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே வைரஸ், வயதால் இவ்வளவு வேறுபாடு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்பதன் காரணம் இதுதான். தட்டம்மை வந்தவரோடு இருந்துவிட்டால், ஊசி போடாதவர்கள் 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. வெறிநாய்க்கடியில் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை: சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே முதல் ஊசி. பல்லோ நகமோ தோலைத் துளைத்திருந்தால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும், அதாவது ஆயத்தமாக இருக்கும் எதிர்ப்பொருளும், செலுத்த வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லை.

எச்.பி.வி. ஊசியும் ஒருவகையில் இந்தக் கூட்டத்தில் சேரும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகள். ஊசி ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை விரட்டாது, வராமல் மட்டுமே தடுக்கும். ஆகவே பாலுறவு தொடங்கும் வயதுக்கு வெகு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடுகிறார்கள். இந்த வயதில் எதிர்ப்பாற்றலும் அதிகமாக உருவாகிறது என்பதால் இரண்டு தவணை போதும். ஒரே தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. ‘இந்தச் சின்ன வயதில் எதற்கு’ என்று தள்ளிப்போடும் பெற்றோர் அதன் மிகச் சிறந்த பருவத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி போட்ட பெண்களும் பின்னாளில் கருப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது, எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை.

பெரியவர்களிடம் வருவோம். கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று கேட்டால் பள்ளிக்கூட நாட்களைத்தான் நினைவுகூர்வார்கள், அல்லது கொரோனாவை. நடுவே எத்தனையோ காப்புகள் தேய்ந்துபோயிருக்கும்.

ரண ஜன்னியின் (டெட்டனஸ்) காப்பு அப்படித் தேய்வது. முறையாக மூன்று அடிப்படைத் தவணை போட்டவர் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்று போட்டுக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சிறுவயதில் ஆறு தவணை முடித்தால் போதும் என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. காயம் பட்டால் செய்ய வேண்டிய கணக்கு இது: சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசி 10 ஆண்டுக்குள் இருந்தால் போதும். மண், சாணம், துரு, எச்சில் பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம் என்றால் 5 ஆண்டு. மூன்று தவணை போட்டாரா என்றே தெரியாதவருக்கு அழுக்குக் காயம் பட்டால் ஊசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் டி.டி. போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அடிக்கடி போட்டால் கை முழுக்க வீங்கிச் சிவக்கும் எதிர்வினை வரலாம், பயனும் கூடாது. தேதி தெரிந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

ரண ஜன்னிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது ஆளுக்கு ஆள் பரவுவதில்லை, மண்ணில் இருக்கும் கிருமி. உங்களைச் சுற்றி ஆயிரம் பேர் ஊசி போட்டிருந்தாலும் அது உங்களைக் காக்காது. நோய் வந்து பிழைத்தாலும் எதிர்ப்பாற்றல் வராது. பிழைத்தவருக்கும் ஊசி போட வேண்டும்.

தட்டம்மை இதற்கு நேரெதிர். எதிர்ப்பாற்றல் யாருக்குமே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். இருமிய அறையை விட்டு அவர் வெளியேறிய பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் வைரஸ் இருக்கும். கணக்குக்கு 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் ஒருவருக்குத்தான் தொற்றும், நோய் வளராது. 15-இல் 14 என்பது 93 சதவீதம். ஊசி எல்லோருக்கும் பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்தால் 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் வேண்டும். நூறு பேர் படிக்கும் பள்ளியில் பத்துப் பேர் போடாமல் விட்டாலே வேலி திறந்துவிடுகிறது.

அந்த வேலிக்குள் நிற்பவர்கள் யார்? புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தை, உறுப்பு மாற்றம் செய்தவர், அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர், கர்ப்பிணி. இவர்களுக்கு எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் போட முடியாது. இவர்களுடைய காப்பு நம் கையில் இருக்கிறது. ரூபெல்லாவை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, மூன்று நாளில் சரியாகிவிடும். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தால் கருவின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். இந்தத் தொடர்பை 1941-இல் முதலில் கண்டவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர். கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதைக் கவனித்து, தாய்மாரின் கர்ப்பகால வரலாற்றைத் துருவினார். ஆண் பிள்ளைக்கு எதற்கு ரூபெல்லா ஊசி என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. குழந்தை பெறத் திட்டமிடும் பெண், எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முன்பே போட்டுக்கொண்டு, அதன்பின் 4 வாரம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

நோயெதிர்ப்பு குன்றியவர் இருக்கும் வீட்டில் மற்றவர்கள் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று தயங்குகிறார்கள். போட்டுக்கொள்ள வேண்டும். சின்னம்மை ஊசிக்குப் பின் உடம்பில் கொப்புளம் தோன்றினால் மட்டும் அது ஆறும்வரை அவரிடமிருந்து விலகி இருந்தால் போதும். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து ஒன்றுதான் அந்த வீட்டில் தவிர்க்க வேண்டியது, அதற்குப் பதில் போலியோ ஊசி இருக்கிறது.

கக்குவான் இருமலில் நாள் கணக்கு இன்னும் நுட்பமானது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் அது மிகப் பெரிய உயிராபத்து, ஆனால் அவர்களுக்குத் தடுப்பூசி பெரும்பாலும் இன்னும் தொடங்கியே இருக்காது. அவர்கள் ‘கக்’ என்று இழுத்து இருமுவதுகூட இல்லை, சில குழந்தைகள் சத்தமில்லாமல் மூச்சை நிறுத்திவிடும். இந்த இடைவெளியை அடைக்க ஒரே நல்ல வழி தாய்க்குப் போடுவது. ஊசிக்குப் பின் எதிர்ப்பொருள் உச்சம் தொட இரண்டு வாரமாகும். நச்சுக்கொடி அதைக் குழந்தைக்கு அதிகம் கடத்துவது கடைசி மூன்று மாதத்தில். இரண்டையும் கூட்டித்தான் பல நாடுகள் 27 முதல் 36 வாரம் என்று வைத்தன. பிரிட்டனில் 16 வாரத்திலிருந்தே போடுகிறார்கள். இந்த எதிர்ப்பொருள் சீக்கிரம் குறைவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். போன குழந்தைக்குப் போட்டது இந்தக் குழந்தைக்கு உதவாது. பாட்டி, தாத்தா, தந்தை என்று குழந்தையைத் தூக்கப்போகிறவர்கள் பார்க்க வருவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளட்டும்.

இன்ஃபுளுவென்சா ஊசியை ஆண்டுதோறும் போடச் சொல்வது வைரஸ் உருமாறுவதால். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும் எந்தெந்த ரகங்களைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. காப்பு வர இரண்டு வாரமாகும் என்பதால் காய்ச்சல் பருவம் தொடங்கும் முன்பே போட வேண்டும். 9 வயதுக்குக் குறைந்த குழந்தை முதல்முறை போடும்போது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. இந்த ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அது காய்ச்சலைக் கொடுக்க முடியாது. நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி முதியவர்களுக்கும், சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் முக்கியம். மண்ணீரலை அகற்றத் திட்டமிட்டவர் அறுவைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கி ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு. முதல் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் கைவலி, காய்ச்சல், அசதி என்று படுத்தும். அதற்குப் பயந்து இரண்டாவதை விட வேண்டாம். அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலி அதைவிடப் பல மடங்கு கொடியது.

உயிருள்ள ஊசிகள் இரண்டைப் போடுவதானால் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் தள்ள வேண்டும். முதலாவது கிளப்பிவிட்ட எதிர்வினை இரண்டாவது வைரஸைப் பெருக விடாது என்பதே காரணம். உயிரற்ற ஊசிகளுக்குப் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு இல்லை. ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளுக்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். இரவல் எதிர்ப்பொருள், தாயின் எதிர்ப்பொருள் செய்த அதே வேலையைச் செய்யும்.

குப்பியையும் கொஞ்சம் பாருங்கள். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றால் எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். அலுமினிய உப்பு கலந்த ஹெபடைடிஸ் பி, டி.டி. போன்றவற்றை உறைபனி இன்னும் எளிதாகக் கெடுக்கும். உறைந்து உருகினால் அந்தத் துகள்கள் கட்டிப்படும், மருந்து வீரியம் இழக்கும். சந்தேகம் வந்தால் களப்பணியாளர்கள் செய்யும் சோதனை எளிமையானது: அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்ப்பார்கள். இரண்டிலும் வண்டல் ஒரே வேகத்தில் படிந்தால் சந்தேகக் குப்பியும் உறைந்ததுதான். பல குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம், நிறம் ஒன்றாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டும். ஆனால் இது சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. பொடியாக வரும் எம்.எம்.ஆர். மருந்தை அதற்கென்றே வந்த நீரில் மட்டும் கரைத்து, 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை.

குத்தும் இடமும் கணக்கில் வரும். பெரியவர்களுக்கு மேற்கைத் தசை, தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே. அதற்கும் மேலே குத்தினால் மூட்டுப் பையில் இறங்கி மாதக்கணக்கில் தோள் வலிக்கும். சட்டைக் கையை மேலே இழுத்துச் சுருட்டாமல் தோள் முழுக்கத் தெரியும்படி கழற்றிவிடுவது நல்லது. கைக்குழந்தைக்குத் தொடையின் முன் வெளிப்பக்கம். பிட்டத்தில் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி கொழுப்பில் தங்கிச் சரியாகப் பிடிப்பதில்லை. போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். மிகக் கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும், அதற்கான அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும். அதைவிட அடிக்கடி நடப்பது மயக்கம், வளரிளம் பருவத்தினருக்கு அதிகம்.

எம்.எம்.ஆர். போட்ட அன்றே காய்ச்சல் வராது. ஒரு வாரம் கழித்து வரும். வைரஸ் பெருக எடுத்துக்கொள்ளும் நாள் அது. காய்ச்சல் வருமோ என்று முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம், வந்து குழந்தை சிரமப்பட்டால் கொடுங்கள். சளி, லேசான காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் மருந்து, தாய்ப்பால் கொடுப்பது, குறைமாதப் பிறப்பு, இவை எதுவும் பொதுவாக ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே நாள் எண்ண வேண்டும்.

ஆட்டிசம் பற்றிய பயமும் தேதியில் பிறந்ததுதான். எம்.எம்.ஆர். போடும் வயதிலேயே ஆட்டிசத்தின் அடையாளங்களும் பெற்றோர் கண்ணுக்குப் படத் தொடங்குகின்றன. 12 குழந்தைகளை வைத்து, ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் வந்த கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை அலசியபோது ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு ஆட்டிசத்தில் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. அந்தப் பயத்தில் ஊசி தவறிய பிள்ளைகள் இன்று வயது வந்தவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் இப்போதும் போட்டுக்கொள்ளலாம், 28 நாள் இடைவெளியில் இரண்டு.

அட்டை தொலைந்துவிட்டால் போடாதவர் என்றே கொண்டு தொடங்க வேண்டும், எம்.எம்.ஆர்., ஹெபடைடிஸ் பி கூடுதலாக ஒன்று விழுந்தால் கெடுதல் இல்லை. அட்டை இருந்தால் இன்றே அதை எடுத்துப் படம் பிடித்துவையுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஊசியின் பெயர், நிறுவனப் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, எந்தக் கை என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்த தவணை நாளைப் பென்சிலில் எழுதியிருந்தால் பேனாவில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ‘இதற்கு முன் வேண்டாம்’ என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்.